டைட்டு, அண்ணாச்சி!

சிரிக்காமல் கேட்பதென்றால் கேளுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. கதவைச் சாத்திவிட்டு, காலைப் பாய்க்குள் இழுத்துக்கொண்டு நெருங்கி உட்காருங்கள். நம்ம ரூம் புருஷோத்தமன் ஷிப்டுக்குப் போயிருக்கிறான். அவன் ரூமில் இருந்தால் இதைச் சொல்ல விடமாட்டான். நடந்தது அவனுடைய சொந்தத் தாய்மாமனுக்கு.

மணி பகல் பன்னிரண்டு.

ஆமாம்... பகல்தான். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? உச்சி வெயிலில் நம் நிழல் நம் காலடிக்குள்ளேயே சுருண்டுகொள்ளுமே, அந்த நேரத்தில் தனியாகப் போகாதே என்று எல்லா ஊரிலும் சொல்லித்தான் வளர்த்திருக்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

தண்டலத்தில் பெங்களூர் ரோட்டை விட்டு இறங்கி, செம்பரம்பாக்கம் ஏரியைப் பார்த்துப் போகும் மண் பாதை. இரண்டு பக்கமும் வேலிக்கருவை. ஈ, காக்கை இல்லை. அதில் ஒரு ஆள் பழைய ஸ்கூட்டரில் தனியாகப் போகிறார். பெயர் கோதண்டம். ஒரகடத்தில் ரப்பர் ஹோஸ் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். பக்கத்துக் கிராமத்துக்காரர், படப்பையில் மனை வாங்கிப் புதுவீடு கட்டிக் குடிவந்தவர். வேலையில் கெட்டி. வாயிலும் கெட்டி.

ஸ்கூட்டர் டிக்கியில், வேஸ்ட் துணியில் சுற்றிய ஒரு சாமான். கறுப்பு வளையம். உள்ளங்கையில் அடங்கும்.

கரை மேல் ஏறினார். ஏரி வற்றிக்கொண்டிருந்த பங்குனி மாதம், ஆனாலும் மதகுப் பக்கம் ஆழம் இருந்தது. துணியைப் பிரித்தார். வீசினார். ப்ளக்... அவ்வளவுதான். அலை வட்டம் வட்டமாக வந்து கரையைத் தொட்டு அடங்கியது. கையைப் பார்த்தார். விரலெல்லாம் கரி. ஏரித் தண்ணீரிலேயே தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். போகவில்லை.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"டைட்டு, அண்ணாச்சி!"

திரும்பினார். யாரும் இல்லை. வெந்த ரப்பர் வாடை மட்டும்... ஏரிக்கரையில்.

கம்பெனியில் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவன் ஒரே ஒருத்தன்தான். மாசானம். அவனை முந்தின நாள்தான் பெட்டியில் வைத்து, வேனில் ஏற்றி, சங்கரன்கோவில் பக்கம் அவன் ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

மாசானம் யார், அந்த வளையம் என்ன... சொல்ல வேண்டும். சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும்.

அந்தக் கம்பெனியில் ஆட்டோகிளேவ் என்று ஒன்று. பெரிய இரும்பு உருளை, படுத்தவாக்கில் கிடக்கும். ரப்பர் குழாய்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி உள்ளே தள்ளி, கதவைப் பூட்டி, ஸ்டீம் விட்டு வேகவைப்பார்கள். நம்ம வீட்டு இட்லிப் பானைதான், ஆனால் ஒரு ஆள் நிமிர்ந்து நடந்து போகிற அளவு. ஒரு பக்கம்தான் கதவு. மறுபக்கம் மூடிய சுவர். ஸ்டீம் குழாய் நடுவில், கூரையிலிருந்து இறங்கும். அந்தக் குழாயில் ஒரு பிஸ்டன் வால்வு.

சாதாரண வால்வில் ஓட்டை மேல் மூடி உட்காரும். சக்கரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினால் இன்னும் கொஞ்சம் மூடும். பிஸ்டன் வால்வு அப்படி இல்லை. இது மோதிரத்துக்குள் விரல் போகிற மாதிரி. விரல்தான் பிஸ்டன். மேலே ஒரு மோதிரம், கீழே ஒரு மோதிரம், இரண்டும் கரி கலந்த வளையங்கள். விரல் மேல் மோதிரத்தில் மட்டும் இருந்தால் வால்வு திறந்திருக்கிறது, ஸ்டீம் கீழ் மோதிரத்தின் வழியாக ஓடும். சக்கரத்தைச் சுற்றச் சுற்ற விரல் இறங்கிக் கீழ் மோதிரத்துக்குள் நுழையும். நுழைந்தால் மூடியாயிற்று. பக்கவாட்டுப் பிடிதான் ஸ்டீமை நிறுத்துகிறது, அடியில் அழுத்துவது இல்லை.

நாளாக ஆக மோதிரம் லூசாகும். ஸ்டீம் கசியும். அப்போது மேல் மூடியின் நட்டுகளைக் கொஞ்சம் டைட் வைத்தால் போதும், இரண்டு மோதிரமும் நசுங்கி விரலை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஒரே ஒரு விதி. வால்வை மூடிவிட்டுத்தான் டைட் வைக்க வேண்டும். விரல் இரண்டு மோதிரத்திலும் இருக்க வேண்டும். விரலை வெளியே எடுத்துவிட்டு மோதிரத்தை நெருக்கினால்? அது சின்னதாகிவிடும். அப்புறம் விரல் நுழையாது. வந்து முட்டும். சக்கரம் டைட்டாகிவிடும். பார்க்கிறவன் மூடிவிட்டது என்று நினைப்பான். உண்மையில் பாதிதான் மூடியிருக்கும்.

இதைக் கம்பெனியில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தவரே கோதண்டம்தான். "மூடிட்டு டைட் வையுங்கடா, டைட் வச்சிட்டு மூடாதீங்க" என்று பாட்டாகவே பாடுவார். அதனால்தான் இந்த ஆள் மேல் இத்தனை ஆத்திரம் வருகிறது. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம்.

அந்த சனிக்கிழமை உள்ளே ஒரு லோடு வெந்துகொண்டிருந்தது. வால்வு கழுத்தில் புஸ்ஸென்று ஸ்டீம் கசிய ஆரம்பித்தது. வால்வை மூடினால் சூடு இறங்கும், லோடு மொத்தமும் பாழ், மேனேஜர் குதிப்பார். கோதண்டம் ஸ்பேனரை எடுத்தார். ஒரு தடவைதானே என்றார். வால்வு திறந்திருக்கும்போதே நட்டுகளை இழுத்து டைட் வைத்தார். கசிவு நின்றது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த லோடு முடிந்ததும் பாய்லரையும் வாராந்தர கிளீனிங்குக்கு அணைத்துவிட்டார்கள். பாய்லரிலிருந்து ஸ்டீமைக் குழாய்களுக்கு விடுகிற மெயின் வால்வு மூடியிருந்தது. அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆட்டோகிளேவ் உள்ளே அடைப்பெடுக்க மாசானம் வந்தான். கல்யாணமாகி சில மாதம்தான் ஆகியிருந்தது. பெண்டாட்டி அன்னக்கிளியை ஊரிலிருந்து அழைத்து வந்து ஒரகடத்திலேயே ஒற்றை ரூமில் குடிவைத்திருந்தான். கோதண்டத்தை வாய்க்கு வாய் அண்ணாச்சி என்பான். "ஏன்டா, நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகீறேன்?" என்று இவர் கேட்பார். அவன் சிரிப்பான், அடுத்த வார்த்தையே மறுபடி அண்ணாச்சி.

உள்ளே போகும் முன் வால்வை மூடவேண்டும். மூடினான். வெளியே நின்று கோதண்டம் கேட்டார். அது அங்கே தினப்படி வழக்கம்.

"டைட்டா?"

"டைட்டு, அண்ணாச்சி!"

பொய் சொல்லவில்லை அவன். சக்கரம் டைட்டாகத்தான் இருந்தது. ஆனால் கோதண்டத்தின் கண்ணுக்கு ஒன்று தெரிந்தது. வால்வின் தண்டு வழக்கத்தைவிட இரண்டு விரற்கடை உயரமாக நின்றது. பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பார்த்தார்... மனசில் பொறி தட்டியது. மெயின்தான் மூடியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். மாசானம் உள்ளே போனான்.

வெயில் ஏறியது. பாய்லரைப் பற்றவைத்துப் பிரஷர் வந்துவிட்டது. பாய்லர் பார்க்கிற செல்லக்கனி, அவனும் மாசானம் ஊர்ப்பக்கம்தான், தலையை நீட்டிக் கேட்டான். "சார், மெயின் தொறக்கட்டுமா? மாசானம் உள்ள இருக்கானே?"

கோதண்டம் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனில் மேனேஜர் வேறு. கையை ஆட்டினார்.

"தொற, தொற. வால்வு மூடிகீது."

உச்சி வேளை. மாசானம் மறுகோடியில், சுவரோரம். அவனுக்கும் கதவுக்கும் நடுவில் ஸ்டீம் இறங்கியது... அதற்கு மேல் சொல்ல வேண்டாம். உள்ளிருந்து ஸ்பேனரால் இரும்பைத் தட்டும் சத்தம் வந்தது. டங்... டங்... டங். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தபோது கோதண்டம் ஒருவர் மட்டும் கம்பெனியில் இருந்தார். வால்வைப் பிரித்தார். கீழ் ரிங் சுருங்கி, பிஸ்டன் முட்டி முட்டி ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு ஸ்டோரிலிருந்து புது ரிங் போட்டு மூடினார். விசாரிக்க வந்தவர்கள் முன்னால் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. வால்வில் குறையில்லை, இறந்தவர் மூடாமல் உள்ளே போயிருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். செத்தவன் வந்து மறுக்கவா போகிறான்?

அந்தப் பழைய ரிங்தான் ஏரிக்குப் போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அன்னக்கிளி திரும்பி வந்தாள். நேராகக் கம்பெனி கேட்டுக்கு. வெயிலில் நின்றாள். கோதண்டம் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது வழி மறித்தாள். செல்லக்கனியும் இன்னும் சில பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரவுக வால்வ மூடாம உள்ள போனாகன்னு சொல்லுதாக. அடுப்ப அணைச்சா மறுக்கா மறுக்கா தொட்டுப் பாக்குத மனுசன் அவுக. நீங்க பக்கத்துல நின்னீகளாம்லா. காசு பணம் ஒண்ணும் கேக்கல. ஒரு வார்த்தை சொல்லுங்க. அவுக மூடுனாகளா, இல்லியா?"

ஒரே ஒரு வார்த்தை. செத்தவனுக்கு மிச்சமிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். கோதண்டம் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மூடலைம்மா. நான் இன்னா பண்றது? படிச்சிப் படிச்சி சொன்னேன். கேக்கல."

அன்னக்கிளி அழவில்லை. குனிந்தாள். கேட்டடி மண்ணை இரண்டு கையாலும் வாரினாள். அவர் முகத்துக்கு நேராகத் தூற்றினாள்.

"அவுக மூடுனத மூடலன்னு சொல்லிட்டியே... இனிமே நீ மூடுத எதுவும் மூடாது. பாத்துக்கிட்டே இரு."

மண் கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு, வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார். பெண்பிள்ளை சாபத்துக்கெல்லாம் பயந்தால் மெயின்டெனன்ஸ் பார்க்க முடியுமா என்று கிண்டல் வேறு.

முதலில் வீட்டுக் குழாய்.

மறுநாள் உச்சிவேளை. கை கழுவிவிட்டு மூடினார். திருகு பாதி சுற்றியதும் டைட்டாகிவிட்டது. தண்ணீர் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். உள்ளங்கை சிவந்தது. சளசளவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அவர் பெண்டாட்டி கலைமதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, தண்ணி ஓடிகினே கீது. மூட மாட்டீங்களா?"

வந்து, இரண்டு விரலால் திருகினாள். நின்றுவிட்டது. திருகில் கறுப்பாக விரல் தடம். இவருடையதா என்று பார்த்தார். இவர் கை சுத்தமாக இருந்தது.

அப்புறம் ஸ்கூட்டரின் பெட்ரோல் குழாய். அப்புறம் பீரோ கதவு. காஸ் அடுப்புத் திருகு... அதில் கலைமதி அவரைக் கை வைக்கவே விடவில்லை. ஊறுகாய் ஜாடி மூடிகூட அவர் கையில் பாதியில் இறுகிக்கொள்ளும். ஒவ்வொரு தடவை இறுகும்போதும் காதோரம் அந்தக் குரல். சந்தோஷமாக, வழக்கம்போல, சிரித்துக்கொண்டு... "டைட்டு, அண்ணாச்சி!"

நம்ம புருஷோத்தமன் அப்போது அந்த வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். மாமா பின்னாலேயே போய் எல்லாவற்றையும் மூடுவது அவன் வேலையாகிப் போனது. முதலில் சிரித்தான். மாமாவுக்குக் கையில் வாதம் என்று நினைத்தான்.

ஒரு மந்திரவாதியைப் பார்த்தார்கள். அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை மந்திரித்து, ஒரு பித்தளை டப்பாவில் போட்டு, "இத உன் கையாலயே மூடி வாசல்ல பொதைச்சிடு, போயிடும்" என்றார். தன் கையாலேயே மூட வேண்டுமாம்! கோதண்டம் அன்று முழுக்க அந்த டப்பாவோடு மல்லுக்கட்டினார். மூடி பாதிக்கு மேல் இறங்கவில்லை. எலுமிச்சம்பழம் திறந்த டப்பாவிலேயே அழுகியது. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம், தப்பில்லை. அடுத்ததற்குச் சிரிக்க மாட்டீர்கள்.

ஒரு மதியம் அவர் திண்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். புருஷோத்தமன் பக்கத்தில் போனான். மாமா குறட்டை விடுகிறார். கண்... பாதி திறந்திருக்கிறது. வெள்ளை விழி மட்டும் தெரிகிறது. இமை மூடப் பார்க்கிறது, துடிக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அன்றிலிருந்து அவன் சிரிப்பதை விட்டான்.

ஆளே பாதியாகிவிட்டார். கண் எரிந்து, தூக்கம் கெட்டு, ஒருநாள் கலைமதியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். சனிக்கிழமை ஸ்பேனர், உயரமாக நின்ற தண்டு, ஏரியில் எறிந்த ரிங், எல்லாம். அவள் எழுந்து போய், அவர் திறந்துபோட்ட குழாயை மூடிவிட்டு வந்தாள். அப்புறம் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு கிட்டப் போயி உண்மையைச் சொல்லிடுங்க. அவ கால்ல வுழுந்தாலும் பரவால்ல. இல்லன்னா இந்த வூட்ல ஒரு கதவும் மூடாது."

வழி அவ்வளவு சுலபமாக இருந்தது, பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் அந்த ஆள் கெடுத்துக்கொண்டார்.

அன்னக்கிளி மறுபடி ஊருக்குப் போகவில்லை. கெட்ட பேரோடு எப்படிப் போவது? ஒரகடத்தில் அதே ரூமில் இருந்துகொண்டு ஒரு பேக்கிங் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், மதியம், கோதண்டம் போய்க் கதவைத் தட்டினார். திறந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

கோதண்டம் வாயைத் திறந்தார். தெருவில் ஆட்கள் போனார்கள். வேலை போகும், போலீஸ் வரும், புதுவீடு, ஊரில் பேர்... எல்லாம் கண்ணுக்குள் ஓடியது.

"சும்மா... எப்டி கீறன்னு பாத்துட்டுப் போலாம்னு..."

"இருக்கேன்."

அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டார். அந்த சாபத்துக்கப்புறம் அவர் மூடியதில் ஒழுங்காக மூடியது அந்த வாய் ஒன்றுதான்.

அன்னக்கிளி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மெல்ல அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். யாரோ ஏதோ சொல்வதைக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்தாள். அவள் முகம் இளகிப் போனது. பின்னால் பார்த்தே சொன்னாள்.

"சரி... நீங்க உள்ள வாங்க."

இவரைச் சொல்லவில்லை. ஒதுங்கி நின்று வழிவிட்டாள். கோதண்டத்தின் தோளை உரசிக்கொண்டு ஒரு சூடான காற்று உள்ளே போனது. அப்புறம் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் ஆயுத பூஜை. கம்பெனியில் வாழைக்கன்று, மாவிலை, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம். ஸ்பேனர்களையெல்லாம் ஒரு மேஜையில் வரிசையாக அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார்கள். பாய்லரை முந்தின நாளே அணைத்தாயிற்று. ஜில்லென்று கிடந்தது. ஒரு சொட்டு ஸ்டீம் எந்தக் குழாயிலும் கிடையாது. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூஜை முடிந்து பொரிகடலைப் பொட்டலத்தோடு எல்லோரும் கிளம்பினார்கள். கோதண்டம் மட்டும் தட்டில் கற்பூரமும் பூவும் எடுத்துக்கொண்டு ஆட்டோகிளேவ் பக்கம் போனார். அவளிடம்தான் சொல்ல முடியவில்லை, அவன் விழுந்த இடத்தில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று ஒரு கணக்கு. வாய் திறக்காமல் பாவம் கழுவுகிற கணக்கு.

உள்ளே போகும் முன் வால்வை மூட வேண்டும். பழக்கம். சக்கரத்தைப் பிடித்தார். பாதியில் இறுகும் என்று தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார்... இறுகவில்லை! சுற்றிக்கொண்டே போனது. தண்டு முழுக்க இறங்கி உட்கார்ந்தது. மூடிவிட்டது. எத்தனையோ மாதத்துக்கப்புறம் அவர் கையால் ஒன்று மூடியது. சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். விட்டுப் போய்விட்டான், மன்னித்துவிட்டான் என்று நினைத்தார்.

உள்ளே போனார். மறுகோடிக்கு. கற்பூரத்தைப் பற்றவைத்தார்.

அப்போது வெளியே, அன்றைக்கு இவர் நின்ற அதே இடத்திலிருந்து, ஒரு கேள்வி வந்தது.

"டைட்டா, அண்ணாச்சி?"

நாக்கு தானாகப் புரண்டது. இவர் வேண்டாம் வேண்டாம் என்று நினைக்கும்போதே பதில் வெளியே வந்துவிட்டது.

"டைட்டு."

கற்பூரம் படபடத்தது. பிறகு வெளியே இன்னொரு குரல். இந்தத் தடவை மாசானத்தின் குரல் இல்லை. கோதண்டத்தின் சொந்தக் குரல். டீ குடித்துக்கொண்டே, சலிப்பாக...

"தொற, தொற. வால்வு மூடிகீது."

பாய்லர் ரூமில் செல்லக்கனி குளிர்ந்த பாய்லர் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு பொரி தின்றுகொண்டிருந்தான். தலைக்கு மேல் குழாய் பேச ஆரம்பித்தது. டிக்... டிக்... டிக். ஸ்டீம் ஏறிக் குழாய் சூடாகும்போது வருமே, அந்தச் சத்தம். பாய்லரைத் தொட்டுப் பார்த்தான். ஜில். குழாயைத் தொட்டான். ஜில். எங்கிருந்தோ இரும்பைத் தட்டுகிறார்கள். டங்... டங்... டங். பொரியைப் போட்டுவிட்டு ஓடினான்.

கோதண்டத்தை இழுத்து வெளியே போட்டான். மேலெல்லாம் வெந்திருந்தது. முகத்தில் மட்டும் ஒரு கொப்புளம் இல்லை. ஆட்டோகிளேவ் உள்ளே கையை வைத்துப் பார்த்தான். குளிர்ந்து கிடந்தது. கற்பூரம் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை உயிர் இருந்தது. அதுவரை வாய் மூடவே இல்லை. டாக்டர், நர்ஸ், பக்கத்துப் படுக்கைக்காரன், போலீஸ், யார் வந்தாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னார். ஸ்பேனர், தண்டு, ரிங், பொய். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. கலைமதி வாயைப் பொத்தினாள். அவள் விரலிடுக்கு வழியாகவும் பேசினார்.

இதற்குள் செல்லக்கனி நாலு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வால்வைப் பிரித்தான். பிஸ்டன் பாதியில் முட்டிக்கொண்டு நின்றது. கீழ் ரிங்கை நெம்பி எடுத்தான். புது ரிங் இல்லை அது. பழசு. சுருங்கிப்போய், ஓரம் வெட்டுப்பட்டு... ஈரமாக இருந்தது. ஏரிப் பாசி ஒட்டியிருந்தது. உள்பக்கம் ஒரு சின்ன நத்தை, உயிரோடு.

அப்படியானால் புது ரிங் எங்கே? பூஜை மேஜையில், ஸ்பேனர்களுக்கு நடுவில் இருந்தது. சந்தனம், குங்குமம் வைத்து.

செல்லக்கனி பழைய ரிங்கை வேஸ்ட் துணியில் சுற்றிக்கொண்டு அன்னக்கிளியிடம் ஓடினான். அவள் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. "தெரியும். அவுக வந்து சொல்லிட்டாக" என்றாள்.

மறுநாள் படப்பையில் கோதண்டத்தின் வீட்டு வாசலில் பிணம் கிடத்தியிருந்தது. அன்னக்கிளி வந்தாள். பறை நின்றது. அழுகை நின்றது. கால்மாட்டில் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரவுக மூடுனாக."

கலைமதி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமாம்மா. அவரு மூடினாரு. என் புருஷன்தான் பொய் சொன்னாரு." கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் நின்று கேட்டார்கள். அன்னக்கிளி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டாள், நிமிர்ந்த தலையோடு.

பிணத்தின் கண் பாதி திறந்திருந்தது. தூக்குவதற்கு முன் மூட வேண்டுமே. பெரியவர்கள் புருஷோத்தமனைக் கூப்பிட்டார்கள், மருமகன், உரிமைக்காரன். அவன் குனிந்து இரண்டு இமையிலும் விரலை வைத்து இழுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன்டா நின்றுவிட்டாய் என்றார்கள். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"கொஞ்சம் வந்துச்சி... அப்புறம் டைட்டாயிடுச்சி."

அப்படியேதான் எரித்தார்கள். அவன் விரல் நுனியில் கரி ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து புருஷோத்தமன் எதையும் மூடுவதில்லை. குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போகிறான் என்று தினமும் அவனைத் திட்டுகிறீர்களே, இதற்குத்தான். இன்று ஷிப்டுக்குப் போகும்போதும் திறந்துவிட்டுத்தான் போயிருக்கிறான். கேட்கிறதா... பாத்ரூமில் ஓடுகிறது பாருங்கள்.

யாராவது ஒருத்தர் எழுந்து போய் மூடிவிட்டு வாருங்கள். நீ போகிறாயா? பயப்படாதே, கதவைத் திறந்தே வை, இங்கிருந்து பேசிக்கொண்டே இருக்கிறோம்.

மூடினாயா?

அப்புறம் ஏன் இன்னும் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது?

டைட்டா?